ஓரங்கட்டிப் பேசுவோம்: ஜோகூரைத் தாண்டாமல் மூன்று நாள்

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களெல்லாம் காஸ்வேயை, அதாவது ஜோகூருக்குப் போகும் கடல்பாலத்தை, தாண்டிவிடுகின்றன. இந்த மாதம் சமையல் சந்தேகம் ஒன்றுகூட இல்லை, மாமியார் சண்டையும் இல்லை. சரி, வண்டியைப் பற்றியே பேசுவோம். எனக்குப் பிடித்த விஷயம்தான். நான் பிறந்தது மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். கல்யாணமாகி சிங்கப்பூருக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. கார் ஓட்டும் உரிமம் எடுத்தது நாற்பத்து நான்கு வயதில், மூன்றாவது தடவை பரீட்சை எழுதி. அந்தத் தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

என் கணவருக்கு மூன்று நாள் விடுப்பு. நேராகக் கோலாலம்பூர், அங்கிருந்து கேமரன் மலை என்கிறார். எட்டு வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று, கூடவே முழங்கால் வலியோடு மாமியார். எனக்கு இப்போதே தலை சுற்றுகிறது. வேறு வழி இருக்கிறதா அக்கா?
– வாசகி, பொங்கோல்

இருக்கிறது. கணவரை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குச் சுமார் 330 கிலோமீட்டர். அதற்கு மேல் கேமரன் மலைக்கு ஏறத்தாழ இன்னொரு 200. போக ஒரு நாள், வர ஒரு நாள். நடுவில் இருக்கும் ஒரே நாளில் நாலு ஸ்ட்ராபெரி பறிப்பதற்காக மாமியாரை மலைப்பாதை வளைவுகளில் உருட்ட வேண்டுமா?

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜோகூர் என்றால் பெட்ரோல், கார் கழுவுவது, மசாலா வாங்குவது. அதைத் தாண்டினால் கோலாலம்பூர்தான். நடுவில் உள்ள ஊர்களெல்லாம் நெடுஞ்சாலைப் பலகையில் ஓடும் பெயர்கள். நான் அந்த மண்ணில் பிறந்தவள், எனக்குக் கொஞ்சம் ரோஷம் வருகிறது. ஆகவே என் யோசனை, மூன்று நாளும் ஜோகூருக்குள்ளேயே இருங்கள். இரண்டு வருஷம் முன்பு மகள், மருமகன், பேரனோடு நாங்கள் போன வழியையே சொல்கிறேன். முதல் இரவு குளுவாங், இரண்டாம் இரவு மூவார்.

விடிவதற்கு முன்னே உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்துவிடுங்கள். ஜோகூர் பாருவில் தெப்ராவ் சாலைப் பக்கம் அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் இருக்கிறது. 1922இல் சின்னக் கோயிலாகத் தொடங்கியது. இன்று உள்ளே சுவர், தூண், விதானம் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். ஐந்து வயதுக் குட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து குளுவாங் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110. சிங்கப்பூர் வண்டி என்றால் கேமரா கண்ணை மூடிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ரெங்கம் வேறு, சிம்பாங் ரெங்கம் வேறு. சிம்பாங் என்றால் மலாயில் சந்தி. ரெங்கத்துக்குப் பிரியும் சந்திதான் ஊராகிவிட்டது. நெடுஞ்சாலையில் வருவது அதுதான். என் மருமகன் கைப்பேசியை நம்பி அங்கே போய் நின்று, "அத்தை, உங்க ஊர் வந்தாச்சு" என்றார். நான் பிறந்த ஊர் எனக்குத் தெரியாதா!

குளுவாங்கில் பழைய ரயில் நிலையத்துக் கோப்பிக்கடைக்குப் போங்கள். 1938இலிருந்து நடக்கிறது. கரி அடுப்பில் வாட்டிய ரொட்டி, காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம், வெண்ணெய், அரைவேக்காட்டு முட்டை, அதோடு கோப்பி. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை என் அப்பா எங்களை ரெங்கத்திலிருந்து ரயிலில் அங்கே கூட்டிப்போவார். தமக்கு ஒரு கோப்பி மட்டும் சொல்லுவார். அதையும் சாசரில் ஊற்றி ஆறவைத்து, கடைசி வாய் எனக்குத் தருவார். சாசரின் விளிம்பில் அப்பா மீசையின் ஈரம் இருக்கும். இதையெல்லாம் பேரனுக்குச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் அதற்குள் மூன்றாவது ரொட்டியில் இருந்தான். மாமியாருக்கு இங்கே நடையே இல்லை. உட்கார்ந்தபடி ஊர் பார்க்கலாம். குனோங் லம்பாக் என்று 510 மீட்டர் குன்று ஒன்றும் உண்டு. மேலே ஏறப்போகிறேன் என்று கணவர் கிளம்பினால் அவரைத் தனியாக அனுப்பிவிடுங்கள்.

மறுநாள் ஆயர் ஈத்தாம் வழியாக மேற்கே. ஆயர் ஈத்தாம் ஒரு காலத்தில் ராஜா. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறக்கும்வரை கோலாலம்பூர் பேருந்து எல்லாம் அங்கே நின்றுதான் போகும். இப்போது சாலையோரப் பீங்கான் கடைகளும் பூந்தொட்டிக் கடைகளும் ஊரின் பெயரைக் காப்பாற்றுகின்றன. வாங்குவதாக இருந்தால் திரும்பும் வழியில் வாங்குங்கள். நாங்கள் போகும்போதே ஒரு பெரிய ஜாடி வாங்கி, இரண்டு நாள் அதை என் மடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினேன்.

பத்து பகாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. மதியம் சாப்பிட்டோம், மழை பெய்தது, கிளம்பிவிட்டோம்.

அங்கிருந்து நெடுஞ்சாலைக்குத் திரும்பாமல் மூவார் வரை கரையோரச் சாலையிலேயே போங்கள். ஐம்பது கிலோமீட்டர்தான். வழி நெடுகப் பாரிட், பாரிட் என்றே ஊர்ப்பெயர்கள். பாரிட் என்றால் வாய்க்கால். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, தென்னையும் பாக்கும் வைத்துக் குடியேறியவர்கள் அந்த வாய்க்காலையே ஊர்ப்பெயராக்கிவிட்டார்கள். பாரிட் ஜாவாவில் நிறுத்தி அசாம் பெடாஸ் சாப்பிடுங்கள். நம் புளிக்குழம்புக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும். மீன் அன்று காலை கடலில் இருந்தது.

மூவார்தான் எனக்கு ஜோகூரிலேயே அழகான ஊர். சண்டைக்கு வர விரும்புகிறவர்கள் எழுதலாம். இதற்குப் பண்டார் மகாராணி என்றும் பெயர். மகாராணி நம் சொல்லேதான், எழுத்து மட்டும் வேறு. ஆற்றங்கரையில் 1930இல் கட்டி முடித்த சுல்தான் இப்ராஹிம் பள்ளிவாசல் இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆற்றோரம் போனால் வெயில் அதன் மேல் சாய்ந்திருக்கும். மாமியாருக்கு உட்கார இடமும் உண்டு, காற்றும் உண்டு. காலையில் எழுந்ததும் சத்தே, குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி. ஆமாம், காலையில்தான். நாம் ராத்திரி தின்பதை மூவார்க்காரர்கள் பசியாறவே தின்கிறார்கள். ஓலையில் மடித்துச் சுட்ட மீன் விழுது, ஓத்தா-ஓத்தாவும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவருக்குச் சரித்திரம் பிடிக்குமென்றால் திரும்பும்போது மூவாரிலிருந்து யோங் பெங் போகும் உள்சாலையைப் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவில் பாரிட் சூலோங் பாலம். 1942 ஜனவரியில் பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படைகள் அங்கே மாட்டிக்கொண்டன. காயம்பட்டு நடக்க முடியாமல் விட்டுச்செல்லப்பட்ட சுமார் 150 பேரை ஜப்பானியர் கொன்றார்கள். அதில் நாற்பது பேர் போல இந்தியச் சிப்பாய்கள். பாலத்தருகே நினைவுச்சின்னம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர், எதற்கும் வாயைத் திறக்காத மனுஷர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று உண்மையிலேயே பார்ப்பார்களா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
– வாசகர், ஈசூன்

சிரிக்கும் நண்பர்கள் அபராதத்தைக் கட்டுவார்களா என்று கேளுங்கள். சிங்கப்பூரை விட்டு வெளியேறும் நம் வண்டிகளில் இவ்வளவு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பதை 1989இல் அரை டாங்க் என்று தொடங்கி, 1991இல் முக்கால் ஆக்கினார்கள். பிடித்தால் அபராதம் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை போகும், வண்டியையும் திருப்பிவிடுவார்கள். எங்களை ஒரு தடவை திருப்பினார்கள். தப்பு முழுக்க என்னுடையது. முள் முக்காலுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. "மேட்டில் நிற்கிறது சார், அதனால்தான்" என்று நானும் சொல்லிப்பார்த்தேன். பின்சீட்டில் மகள், அப்போது ஆறு வயது, "அம்மா, அவசரம்" என்று அழுதுகொண்டிருந்தாள்.

இன்னொன்று, அக்கரையில் 95 எண் பெட்ரோல் நம் வண்டிகளுக்குக் கிடையாது; 97தான் போட வேண்டும். வாகன நுழைவு அனுமதி வில்லையையும் இப்போதே பதிவு செய்யுங்கள், பயண வாரத்தில் ஓடாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து அது இல்லாத வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். சுங்கக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் சாலைக் கட்டணம் 20 ரிங்கிட் தனியாகப் போகும். உட்லண்ட்ஸில் கார்க்காரர்களுக்கு 2024 மார்ச்சிலிருந்து கியூஆர் குறியீடு வந்துவிட்டது, ஒரே குறியீட்டில் பத்துப் பேர்வரை. அதற்காகக் கடப்பிதழை வீட்டில் வைத்துவிடாதீர்கள், அக்கரையில் வேண்டும்.

கார்ல மூணு மணி நேரம் உக்காரணும். அம்மா ஃபோன் குடுக்க மாட்டாங்களாம். நான் என்ன பண்றது?
– மாணவர், தொடக்கநிலை 4, செங்காங்

உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது கண்ணா. ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்துக்கொள். பலகையில் வரும் ஊர்ப்பெயரை எழுதி, அர்த்தம் என்னவாக இருக்கும் என்று முதலில் நீயே கதைகட்டு. பிறகு மலாய் தெரிந்தவர்களிடம் கேள். ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்புத் தண்ணீர். பத்து பகாட் செதுக்கிய கல். கோத்தா திங்கி உயர்ந்த கோட்டை. பெக்கான் நானாஸ் அன்னாசி ஊர், அங்கே அன்னாசிதான் விளைகிறது. குளுவாங் என்ன தெரியுமா? பழந்தின்னி வௌவால். சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டர் இருக்கும், உன்னைவிட அகலம். பயப்படாதே, அது பழம்தான் தின்னும். உன் கதைகளில் நல்லது ஒன்றை எனக்கு அனுப்பு.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் இல்லை. சின்ன ஊர்களில் பட்டினிதானா?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

இல்லை. எந்தச் சின்ன ஊரிலும் வாழையிலைக் கடை ஒன்றாவது இருக்கும், தோசைக் கல்லும் இருக்கும். ஆபத்து வேறு இடத்தில். காயாவில் முட்டை உண்டு. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றின் சம்பலில் நெத்திலி. "வெறும் கங்கோங் கீரைதான்" என்று கொண்டுவந்து வைப்பார்கள், அதில் பெலாச்சான் போட்டிருக்கும்; அது இறால். ஆகவே சைவம் என்று பொதுவாகச் சொல்லாமல் பொருளைச் சொல்லிக் கேளுங்கள். தாக் மாக்கான் டாகிங், ஈக்கான், தெலூர், பெலாச்சான். அதாவது இறைச்சி, மீன், முட்டை, பெலாச்சான் சாப்பிட மாட்டோம். என் அக்கா இதை மந்திரம் மாதிரி மூச்சு விடாமல் சொல்வாள். நான் எழுதிய ஓத்தா-ஓத்தா, அசாம் பெடாஸ் வரிகளை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

நான் இங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். ஊரிலிருந்து மனைவியும் மகளும் வருகிறார்கள். கார் இல்லை. எங்களுக்கெல்லாம் இந்தப் பயணம் முடியுமா?
– வாசகர், ஜூரோங்

முடியும் தம்பி. முதலில் அவர்களுடைய சிங்கப்பூர் விசாவைப் பாருங்கள். பலமுறை நுழைய அனுமதி இருந்தால்தான் அக்கரைக்குப் போய்த் திரும்பி வர முடியும். அதைப் பார்க்காமல் கிளம்பித் தவித்த குடும்பத்தை எனக்குத் தெரியும். மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை நீங்கள் மூவருமே நிரப்ப வேண்டும், போவதற்கு முந்திய மூன்று நாளுக்குள். ஜூரோங்கிலிருந்து 160 எண் பேருந்து அக்கரைக்குப் போகிறது. உட்லண்ட்ஸிலிருந்து ரயிலில் போனால் ஐந்தே நிமிடம், டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இறங்கினால் ராஜமாரியம்மன் கோயில், அதைச் சுற்றி நம் கடைகள், பக்கத்தில் தான் ஹியோக் நீ தெருவின் பழைய வீடுகள், எல்லாம் நடக்கும் தூரம். கொஞ்சம் உள்ளே போக ஆசையிருந்தால் ஜோகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையத்திலிருந்து குளுவாங்குக்கு ரயில் உண்டு. மகளுக்கு ஜன்னலோரம்.

என் அப்பா குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. போனால் ஏதாவது இருக்குமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

நான் போனேன். பார்த்ததைச் சொல்கிறேன், முடிவை நீங்கள் எடுங்கள்.

ரப்பர் இல்லை. நான் விளையாடிய மேடெல்லாம் இப்போது செம்பனை, எண்ணெய்ப்பனை. ரப்பர் காட்டில் வெளிச்சம் சல்லடையில் விழுவது போல விழும். வரிசை வரிசையாக மெலிந்த மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் பிடிக்க ஒரு மங்கு. செம்பனைக்குள் இருட்டுத்தான். வெயில் காலத்தில் ரப்பர் காய் பட்டென்று வெடிக்கும், விதை தெறிக்கும். அதைப் பொறுக்கிச் சிமெண்ட் தரையில் தேய்த்து, அடுத்த பிள்ளையின் கையில் சுட்டுவிட்டு ஓடுவோம். பேரனுக்கு ஒரு விதையாவது காட்டலாமென்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

லயம் இருந்த இடம் எதுவென்றே முதலில் பிடிபடவில்லை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் எந்தப் பக்கம் என்று நினைவுபடுத்தி, அங்கிருந்து எண்ணி எண்ணி வந்தேன். அம்மா விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அந்தக் களத்துக்குத்தான் ஓடுவாள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் அந்த அவசரம். பேரன் கேட்டான்: "பாட்டி, உங்க புளோக் நம்பர் என்ன?" நானும் சொன்னேன், மூன்றாம் லயம், ஏழாவது கதவு. சொன்ன பிறகுதான் அந்த எண் எனக்கு இன்னும் ஞாபகம் இருப்பதே தெரிந்தது.

கோயில் மட்டும் இருக்கிறது. முனீஸ்வரர். தகரக்கூரையாக இருந்தது ஓடாகியிருக்கிறது. சாவி தோட்டத்துக் காவல்காரரிடம் இருந்தது. மனிதர் நேப்பாளி, சாமி பெயர் தெரியாது, ஆனால் தினமும் விளக்கேற்றுகிறார். நாங்கள் கொண்டுபோன பூவை அவரே வாங்கிச் சாத்தினார்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தோட்டம் தனியார் நிலம், வாசலில் கேட்காமல் காரை உள்ளே விடாதீர்கள். அதைவிட நல்லது, கோயில் திருவிழா எப்போது என்று சொந்தக்காரர்களிடம் விசாரித்து அந்த நாளில் போவது. பல தோட்டங்களில் பழைய ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை அன்றுதான் கூடுகிறார்கள். உங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னால், "அட, அவர் மகனா நீ" என்று யாராவது ஒருவர் எழுந்து வருவார். அப்பாவின் பழைய படம் ஒன்று இருந்தால் எடுத்துப்போங்கள், பட்டப்பெயர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தோட்டத்தில் அடையாள அட்டைப் பெயர் யாருக்கும் தெரியாது.

ஞாயிறு மாலை எத்தனை மணிக்குக் கிளம்பினால் நெரிசல் இருக்காது?
– வாசகர், தெம்பனிஸ்

ஞாயிறு மாலை என்று முடிவு செய்த பிறகு மணியைக் கேட்டு என்ன பயன்? 2014லிருந்து பதினொரு வருஷம் ஜோகூரில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. 2025 ஜனவரி முதல் அவர்களுக்கும் நம்மைப் போல சனி, ஞாயிறு. இப்போது இரண்டு பக்கக் கூட்டமும் ஒரே நாளில் கிளம்புகிறது. முடிந்தால் ஞாயிற்றிலிருந்து செவ்வாய் வரை என்று பயணத்தை மாற்றுங்கள். முடியாதென்றால் ஞாயிறு காலை பசியாறியவுடன் புறப்பட்டு, மதியத்துக்குள் துவாஸ் இரண்டாம் பாலத்தைத் தாண்டிவிடுங்கள். மேற்கிலிருந்து வருகிறவர்களுக்குக் காஸ்வேயைவிட அதுவே வசதி.

நாங்கள் ஒருமுறை மூவாரில் "இன்னும் ஒரு கோப்பி" என்று உட்கார்ந்துவிட்டோம். அந்தக் கோப்பியின் விலை பாலத்தின்மேல் நான்கு மணி நேரம். முன்னால் லாரி, பின்னால் லாரி, ஏசியை அணைத்தால் வேர்வை, போட்டால் பெட்ரோல் முள் இறங்குகிறது. மகள் பொட்டலம் கட்டிவைத்திருந்த எலுமிச்சைச் சாதம் இல்லாவிட்டால் மருமகன் ஸ்டியரிங்கைக் கடித்திருப்பார். எனவே திரும்பும் நாளில் சாதப் பொட்டலம், தண்ணீர், ஈரத்துணி, அப்புறம் வாய் அகலமான காலி பாட்டில் ஒன்று காரில் இருக்கட்டும். பாட்டில் எதற்கென்று ஐந்து வயதுப் பிள்ளையோடு போகும் பொங்கோல் வாசகிக்கு நான் சொல்லத் தேவையில்லை.